வலது செருப்புக்கு முந்நூறு மணி

1. பன்னிரண்டு நாள்

"முடியும்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, அதற்காகப் பத்து நாள் வாய்க்கு ருசி இல்லாமல் சாப்பிட்டவன் நான். பிள்ளைகளே, என் வேலையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். முதலில் அந்தப் பத்து நாளை எழுதுகிறேன். நான் நாலு வகுப்புதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒன்றையும் மாற்ற வேண்டாம்.

அப்போது எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருடம். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி புதிது. தேக்காவில் மாட்டுக்கொட்டகைகள் இருந்த பக்கம் ஒரு தெருவில் மரக்காயர் கடை இருந்தது. மரக்காயர் நாகூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே இங்கே கடை. முன்பக்கம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் பாசிமணிகளைப் பெட்டி பெட்டியாக விற்பார். பின்பக்கம் ஒரு கரி உலை, கால் துருத்தி, விளக்கு மேசை. அதுதான் என் இடம்.

கப்பலில் வராத மணி யாருக்காவது வேண்டுமென்றால் நான் செய்து கொடுப்பேன். ஆர்டர் மணி என்போம். எருமைக் கன்றுக்குக் கண் படாமல் கட்ட நீல மணி கேட்பார்கள். பந்தயக் குதிரையின் கழுத்துக்கு நெல்லிக்காய் அளவில் பச்சை மணி கேட்பார்கள். ஓதும் மணிமாலையான தஸ்பீஹில் ஒன்று உடைந்தால் மிச்சம் தொண்ணூற்றெட்டோடும் ஒத்துப்போகிற ஒன்று வேண்டும் என்பார்கள். ஊரில் வளையல் உலையில் ஐந்து வருடம் இருந்த பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒருவிதமாகச் செய்துவிடுவேன். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள் காலை கத்தோங் பக்கத்திலிருந்து ஒரு நோன்யா அம்மா குதிரை வண்டியில் வந்து இறங்கினார். சீன வம்சம், மலாய்ப் பேச்சு, சட்டையில் மூன்று தங்க ஊசி. நாங்கள் மரியாதையாக பீபிக் என்று கூப்பிடுவோம், அவர்கள் கடை முதலாளியைத் தவுக்கே என்பார்கள். அவர் மலாயில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தவுக்கே, போன வருஷம் இங்கதான் சிவப்பு மணி வாங்கினேன். தீர்ந்தா அடுத்த கப்பல்ல வரும்னீங்க."

"வந்துச்சு பீபிக்," என்றார் மரக்காயர். "வந்தது வேற சிவப்பு. அதை உங்க கையில குடுக்க எனக்கு மனசு வரல."

பீபிக் துணி மூட்டையைப் பிரித்து இரண்டு செருப்பு முகங்களை மேசையில் வைத்தார். இடது முடிந்திருந்தது. வலது இன்னும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியபடி இருந்தது. கறுப்பு வெல்வெட்டின் மேல் கசகசா அளவு மணிகள். அவற்றால் இரண்டு பறவை, நடுவில் ஒரு பெரிய சிவப்புப் பூ. மணி என்று தெரிந்தும் என்னால் அதை மணியாகப் பார்க்க முடியவில்லை. இதழ் ஒன்றின் மேல் ஒன்று மடிந்திருந்தது. பறவையின் நெஞ்சு மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. அதற்கு முன் நான் மணி செய்திருந்தேனே தவிர, மணியை வைத்து மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

வலது செருப்பில் அந்தப் பூவுக்கு மூன்று இதழ் இல்லை. சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தது.

"என் மக மாப்பிள்ளைக்குத் தச்சது," என்றார் பீபிக். "பதினாலு மாசம். ஒரு மணி சாஞ்சாலும் பிரிச்சுட்டுத் திரும்பத் தச்சா. இன்னும் பன்னெண்டு நாள்ல மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போகுது. அங்க இருக்கிற கிழவிங்க செருப்பைத் தூக்கி வெளிச்சத்துல பிடிப்பாங்க. பாதிப் பூ ஒரு சிவப்பு, பாதிப் பூ வேற சிவப்புன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? இவளுக்குப் பாதியிலேயே மனசு மாறிடும்பாங்க. கல்யாணம் நடக்கும். ஆனா சாகற வரைக்கும் அந்தப் பேச்சு அவ காதுல விழும்."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு மணியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, இதுதான் மிச்சம். மாதிரிக்கு வச்சுக்க. தொலைச்சிடாத. பூவுக்கு இதுவும் வேணும்."

நான் அதை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. முந்நூறு மணி போதும் என்றார் பீபிக். குதிரைக்கும் மாட்டுக்கும் செய்பவனுக்கு ஒரு பெண்ணின் கல்யாணப் பூவைத் தொடும் வேலை வந்துவிட்டதே என்ற கிளர்ச்சியில், "முடியும் பீபிக்," என்றேன்.

வண்டி போன பிறகு மரக்காயர் கேட்டார்: "சுப்பையா, நீ செய்யிறது நெல்லிக்காய். இது கசகசா. எதை நம்பிப்பா சொன்ன?"

2. ஒரு மூச்சு

கசகசா அளவு மணியை ஒவ்வொன்றாக யாராலும் செய்ய முடியாது. குழாயாக இழுத்து நறுக்க வேண்டும். வளையல் உலையில் அதை இரண்டு முறை செய்திருந்தேன். அந்தத் தைரியம்தான்.

இழுப்பது எப்படி என்று சொல்கிறேன். மூசை என்கிற மண்கிண்ணத்தில் உருகிய கண்ணாடியை ஊதுகுழாயின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவு சுருட்டி எடுக்க வேண்டும். குழாயில் ஒரு மூச்சு விட்டால் பழத்துக்குள் ஒரு குமிழி பிறக்கும். பழத்தின் மறுபக்கம் ஒரு இரும்புக் கம்பியை ஒட்ட வேண்டும். ஒருவர் குழாயோடு நிற்க, மற்றவர் கம்பியோடு பின்னோக்கி நடக்க வேண்டும். பழம் விரலாகும், விரல் ஈர்க்குச்சியாகும், ஈர்க்குச்சி நூலாகும். உள்ளே இருக்கும் குமிழியும் கூடவே நீளும். அறுபது அடி இழுத்தாலும் அது நடுவில் மூடிக்கொள்வதில்லை. நூலை எங்கே ஒடித்தாலும் அங்கே ஓட்டை இருக்கும். நான் உலையடியில் நின்று விட்ட ஒரு மூச்சு அறுபது அடிக்கும் போய் நிற்கும்.

இதை எத்தனையோ தடவை செய்துவிட்டேன். இன்றைக்கும் எனக்கு இது பழகவில்லை.

சிவப்புக்கு மரக்காயர் துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் உடைந்த கப்பல் விளக்குக் கண்ணாடி வாங்கி வந்தார். கப்பலின் இடது பக்கத்தில் எரியுமே, அந்தச் சிவப்பு. கட்டியை வெயிலில் பிடித்து, பக்கத்தில் பீபிக் கொடுத்த மணியைப் பிடித்தேன். இரண்டும் ஒரே நிறம். பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கம்பியோடு நடக்க வேலண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தஞ்சோங் பகாரில் கப்பலுக்குக் கரிக்கூடை சுமந்தவர். இடுப்பு பிடித்துக்கொண்டதால் எங்கள் கடையில் பெட்டி இறக்க வந்திருந்தார். கப்பலுக்கு ஏறும் பலகையில் ஓடிப் பழகிய கால். முதல் தடவை நாலே எட்டில் கொல்லைக் கதவுக்குப் போய்விட்டார். நூல் சிலந்தி இழைபோல் மெலிந்து காற்றில் எழும்பி உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது.

"வேலண்ணே, மெதுவா. இது கரிக்கூடை இல்ல."

"அதான்டா கஷ்டம். கூடையில பாரம் இருக்கும், கால் தானா தரையைப் பிடிக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. எங்க ஊணுறதுன்னு காலுக்குத் தெரியல."

மூன்றாவது இழுப்பில் ஒருவிதமாகச் சரியான கனம் வந்தது. நூலைக் கத்தி விளிம்பில் வைத்து நறுக்கினேன். ஓட்டை மூடாமலிருக்கச் சாம்பலும் சுண்ணாம்பும் திணித்து, இரும்புச் சட்டியில் சாம்பலோடு போட்டு உலைமேல் கிளறினேன். நறுக்கிய முனைகள் சூட்டில் மழுங்கி உருண்டையாயின. கழுவித் தட்டில் குவித்தேன். நானூறுக்கு மேல் இருந்தன. குவியல் நல்ல சிவப்பு. அதற்குள் நாலு நாள் போய்விட்டது.

3. பூச்சி அரித்த பூ

ஐந்தாம் நாள் நானும் மரக்காயரும் கத்தோங்குக்குப் போனோம். பெரிய வீடு. கீழ்க்கூடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். செதுக்குவேலை செய்த மரத்தடுப்புக்குப் பின்னால் நிழல் மட்டும் தெரிந்தது. பீபிக் மணியை உள்ளே கொண்டுபோனார். நாங்கள் காத்திருந்தோம். மரக்காயர் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

சட்டத்தைக் கொண்டுவந்து பீபிக் எங்கள் முன் வைத்தார். என்னுடைய மணியில் பத்து தைத்திருந்தது. அந்தப் பத்து இடமும் பூவில் பூச்சி அரித்த ஓட்டைகள்போல் இருந்தன. வெல்வெட்டின் கறுப்பு அப்படியே மணிக்குள் தெரிந்தது. பழைய மணிகள் வெளிச்சத்தைத் திருப்பி வீசின. என்னுடையவை அதை விழுங்கின.

அப்போதுதான் என் மடத்தனம் உறைத்தது. நான் நிறத்தைக் கட்டியில் பார்த்தேன், பிறகு குவியலில் பார்த்தேன். தனி மணியில் பார்க்கவே இல்லை. கண்ணாடி தடிமனாக இருந்தால் நிறம் அடர்த்தியாகத் தெரியும், மெலிந்தால் வெளுக்கும். ரோஜாப்பூச் சர்பத்தைப் பானையில் பார்த்துவிட்டுக் கரண்டியிலும் அதே சிவப்பு இருக்கும் என்று நினைத்தவன் நான்.

பீபிக் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சிவப்புதான் தம்பி. ஆனா இதுல உயிர் இல்ல."

தடுப்புக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அம்மா, தைக்க எனக்கு ரெண்டு நாள் போதும்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எப்ப வந்தாலும் தச்சுடுவேன்."

பதினாலு மாதம் தைத்தவள், மிச்சம் இருந்த ஏழு நாளில் ஐந்தை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் மரக்காயர் மெதுவாகச் சொன்னார்: "முடியாதுன்னா நாளைக்கே வந்து சொல்லிருவோம் சுப்பையா. ரெண்டு செருப்புலயும் அந்தப் பூவைப் பிரிச்சிட்டு, இருக்கிற நிறத்துல வேற ஏதாவது தைக்கப் பாப்பாங்க. கடைசி நாள்ல போய்ச் சொன்னா அதுக்கும் நேரம் இருக்காது. அது பாவம்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க மொதலாளி," என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

4. ஊசி போகும் இடம்

உங்கள் அம்மா அப்போது கடைக்கு மணி கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் மணிக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்கால வெளிச்சத்தில் எங்கள் அறை வாசலில் முறத்தில் மணியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். பீபிக்கின் மணியையும் என் மணி ஒன்றையும் அவள் கையில் வைத்தேன். "இதுல இருக்கிற ஏதோ ஒண்ணு அதுல இல்ல. அஞ்சு நாளா பாத்துட்டேன்."

அவள் நிறத்தைப் பார்க்கவே இல்லை. பழக்கத்தில் ஊசியை எடுத்து பீபிக்கின் மணிக்குள் விட்டாள். பிறகு என் மணிக்குள் விட்டாள். பிறகு முதல் மணியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"இதோட ஓட்டை வெள்ளையா இருக்கே."

"சாம்பல் ஒட்டியிருக்கும்."

"சாம்பல்னா ஊசி போகையில நறநறன்னும். இது வழுக்குது. எத்தனை ஆயிரம் கோத்திருக்கேன், சாம்பலுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க மணியப் பாக்குறீங்க," என்றாள். "நான் ஓட்டையத்தான் பாப்பேன். எனக்கு ஊசி போகணும்ல."

அடுத்த வீட்டுப் பத்தரிடம் ஓடி உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன். பிள்ளைகளே, அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தக் கசகசா அளவு மணிக்குள் இன்னொரு மணி இருந்தது. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை. அதன்மேல் வெங்காயத் தோல்போல் ஒரு சுற்றுச் சிவப்பு. நான் சிவப்பு மணி என்று நினைத்தது வெள்ளை மணி. கடல் தாண்டி எங்கேயோ ஒருவன், முகம் தெரியாதவன், சிவப்பு நன்றாகத் தெரிவதற்காக வெள்ளையை உள்ளே ஒளித்து வைத்திருந்தான். ஓட்டைக்குள் ஊசி விடுகிறவளுக்குத் தவிர வேறு யாருக்கும் அது தெரியப்போவதில்லை. தெரிய வேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு ஆச்சரியமில்லை.

"வெறும் நெத்தியில வச்ச குங்குமமும் விபூதி மேல வச்ச குங்குமமும் ஒண்ணாவா தெரியும்?" என்று சொல்லிவிட்டு மறுபடி கோக்கத் தொடங்கினாள்.

5. வேலண்ணனின் இடுப்பு மருந்து

மறுநாள் காலையிலேயே மரக்காயரிடம் சொன்னேன். அவர் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருஷமா இதை விக்கிறேன்," என்றார்.

வெள்ளை மேல் சிவப்பைச் சுற்றினால் போதும் என்று சொல்வது சுலபம். கண்ணாடிக்குள் சாதி உண்டு. சூடு ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், ஒன்று குறைவாகச் சுருங்கும். ஒத்துப்போகாத இரண்டைச் சேர்த்தால் அன்றைக்கு அழகாக இருக்கும். மூன்று நாள் கழித்து, தொடாமலே, 'டிக்' என்று வெடிக்கும். மாப்பிள்ளையின் காலில் வெடித்தால் என்ன ஆவது?

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு கண்ணாடியையும் பக்கம் பக்கமாக வைத்து உருக்கி, சேர்த்து மெல்லிய நூலாக இழுக்க வேண்டும். ஆறிய பிறகு நூல் நேராக நின்றால் இரண்டும் ஒற்றுமை. வளைந்தால் உள்ளே சண்டை.

கடையில் இருந்த வெள்ளைக் குச்சிகளை எடுத்துப் பார்த்தேன். நூல் வில்லாக வளைந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் பால் கண்ணாடிக் கூண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தேன். நாய் வாலாகச் சுருண்டது. உடைந்த பூச்சாடி, சட்டைப் பொத்தான் என்று கிடைத்ததெல்லாம் பார்த்தேன். ஏழாம் நாளும் போனது. உலைக்கு முன்னால் வளைந்த நூல்கள் குப்பையாகக் கிடந்தன.

எட்டாம் நாள் காலை வேலண்ணன் இடுப்புக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். யாரோ மாலுமியிடம் வாங்கிய மருந்து. சின்ன வெள்ளைக் கண்ணாடி ஜாடி. நான் அந்த ஜாடியையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"வேணாம்டா. இன்னும் பாதி இருக்கு."

"மருந்தை வேற டப்பாவுல வச்சுக்கலாம்ணே."

"மருந்துக்கு இல்லடா. இந்த இடுப்புக்கு ராசியான ஜாடி."

"ஒரு பொண்ணோட கல்யாணம்ணே."

"என் இடுப்பு ஒடிஞ்சா அந்தப் பொண்ணா வந்து தேய்க்கும்?" என்று சொல்லிக்கொண்டே மருந்தை வழித்துச் சிரட்டையில் போட்டுவிட்டு ஜாடியை என்னிடம் எறிந்தார்.

அதன் மூடியில் ஒரு சில்லு உடைத்துச் சிவப்போடு சேர்த்து இழுத்தேன். கடை முழுக்கக் கற்பூர வாடை. நூலை மேசையில் வைத்துவிட்டு மூவரும் குனிந்து நின்றோம். ஆறியது. நேராகக் கிடந்தது. வெயிலில் நீட்டிய சுவர் நிழல்போல் நேராகக் கிடந்தது.

மரக்காயர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வேலண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஒரே ஒரு ஜாடி. உருக்கினால் ஒரு இழுப்புக்குத்தான் வரும். தப்பினால் வெள்ளையும் சிவப்பும் கலந்துவிடும். திரும்ப உருக்கிப் பிரிக்க முடியாது.

6. அஞ்சடியில் நின்றவர்கள்

ஒன்பதாம் நாள் காலை, காற்று எழும்புவதற்கு முன் உலையைப் பற்றவைத்தோம். சரியான கனம் நூலின் எந்த இடத்தில் அமையும் என்று சொல்ல முடியாது. அதனால் நீளமாக இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கடையின் நீளம் போதாது. வேலண்ணன் முன்வாசல் வழியாக வெளியேறி, கடைகளின் முன்னால் கூரையடியில் ஓடும் அஞ்சடிப் பாதையில் திரும்பாமல், எதிரே இருந்த சந்துக்குள் நேராகப் பின்னோக்கிப் போக வேண்டும். மரக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். தையற்காரர் மிஷினை உள்ளே இழுத்தார். எதிர்க்கடைக் காவலுக்கு இருந்த சீக்கியர் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

நான் உள்ளே வெள்ளையைச் சுருட்டி எடுத்தேன். மூச்சை இழுத்து ஒரே சீராக விட்டேன். குமிழி நடுவில் நின்றது. அதைச் சிவப்பு மூசையில் ஒரு முக்கு முக்கிச் சுழற்றினேன். வெள்ளை மறைந்தது. எல்லாம் ஒரே தீக்கங்கு. "கம்பி," என்றேன்.

வேலண்ணன் வந்தார். அவர் இடது தோளில் ஒரு கூடை நிறையக் கரி இருந்தது.

"என்னண்ணே இது?"

"பாரம் இல்லாம எனக்கு நடக்கத் தெரியாதுன்னு சொன்னேனேடா. பேசாம ஒட்டு."

கம்பியை ஒட்டினார். பின்னோக்கி முதல் அடி வைத்தார். அவர் உடம்பே மாறியிருந்தது. கூடையின் கனத்தில் பாதம் தரையைப் பிடித்தது. ஒரு அடி, ஒரு மூச்சு. ஒரு அடி, ஒரு மூச்சு. என் கையில் பழம் உருகிச் சரிய, எங்கள் இருவருக்கும் நடுவில் நெருப்பு ஒன்று கயிறாக நீண்டது. வாசல்படியை அவர் பார்க்காமலே தாண்டினார். கப்பல் பலகையில் இருபது வருடம் பார்க்காமல் நடந்தவர்.

அந்த நேரம் பார்த்து, தவ்ஹுவே என்கிற சோயாக் கூழ் விற்கும் சீனர் தோளில் காவடித்தடியோடு அஞ்சடியில் வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வாளி ஆடுகிறது. மரக்காயர் கையை நீட்டினார். அவர் நின்றார். அவருக்குப் பின்னால் பால் பாத்திரத்தோடு வந்தவர் நின்றார். ரிக்‌ஷா ஒன்று நின்றது. மலாய்ப் போலீஸ்காரர் என்ன கலாட்டா என்று கேட்க வந்தவர், வாயைத் திறந்தபடி நின்றார். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. வேலண்ணன் தெருவைக் குறுக்கே கடந்து, கரிக்கூடையோடு, கும்பிடப் போகிறவர்போல், எதிர்ச் சந்துக்குள் பின்னோக்கிப் போனார். தெரு முழுக்க அவர் பாதம் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் நூல் மஞ்சளாக எரிந்தது. பிறகு சூடு ஆற ஆற, அவர் முனையிலிருந்து சிவப்பு கிளம்பியது. சந்திலிருந்து தெருவுக்கு வந்தது. தவ்ஹுவேகாரரின் கண் முன்னால் கடந்தது. வாசல்படி ஏறி, கடைக்குள் நுழைந்து, என் கை வரைக்கும் நடந்து வந்தது. கண்ணெதிரே, காலை வெயிலில், ஒரு நிறம் நடந்து வந்ததை நான் பார்த்தேன். பீபிக்கின் சிவப்பு அது. அதே சிவப்பு.

நூலுக்குள் நான் விட்ட அந்த ஒரு மூச்சு நின்றுகொண்டிருந்தது.

"இறக்கலாமாடா?" என்று சந்திலிருந்து வேலண்ணன் கத்தினார். "இடுப்பு போச்சு லா."

அப்போதுதான் தெரு மூச்சு விட்டது. சீனர் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, வேலண்ணனுக்கு ஒரு கிண்ணம் தவ்ஹுவே ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நூலில் சரியான கனம் நடுவில் மூன்று முழம் இருந்தது. அன்று முழுக்க நறுக்கினேன், உருட்டினேன். உங்கள் அம்மா ஒவ்வொன்றின் ஓட்டையிலும் ஊசி விட்டுப் பார்த்துப் பொறுக்கினாள். நல்லவை முந்நூற்றுப் பதினெட்டு. பத்தாம் நாள் காலை அவற்றையும், தனிக் காகிதத்தில் மடித்து வைத்த பீபிக்கின் ஒற்றை மணியையும் கத்தோங்கில் கொண்டுபோய்க் கொடுத்தோம். தைக்க அவள் கேட்ட இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

7. எது என்னுடையது

சீர் போகும் நாள் காலை பீபிக் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மரக்காயரும் நானும் போனோம். வேலண்ணனுக்கு இடுப்பு எழும்பவில்லை. கூடத்தில் சிவப்புத் துணி விரித்த தட்டுகள் வரிசையாக இருந்தன. பீபிக் ஒரு தட்டிலிருந்து செருப்பை எடுத்து என் முன் வைத்தார். இரண்டு செருப்பு, இரண்டு பூ.

"எது உன் மணின்னு காட்டு தம்பி."

நான் குனிந்து பார்த்தேன். மூன்று இதழ் எங்கே இல்லாமல் இருந்தது என்று எனக்குத் தெரியும். கோடு போட்ட இடம் கண்ணிலேயே இருந்தது. அந்த இடத்தைத்தான் பார்த்தேன். ஆனால் எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு தொடங்குகிறது என்று காட்ட என்னால் முடியவில்லை. விரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டேன். பீபிக் சிரித்தார். மரக்காயர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. முதல் தடவையாக என்னிடமே பேசியது.

"அண்ணே, நீங்க தனியா மடிச்சுக் குடுத்தீங்களே, அந்தப் பழைய மணி. அதையும் உங்க மணிங்களுக்கு நடுவுலதான் தச்சேன். முடிச்சிட்டுத் தேடினேன். எதுன்னு எனக்கே தெரியல."

நான் மறுபடி குனிந்து அந்தப் பூவைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் எனக்கு எவ்வளவோ ஆர்டர் வந்தது. நீங்கள் வேறு வேறு வேலைக்குப் போவீர்கள், கண்ணாடியைத் தொடமாட்டீர்கள். அதனால் தொழில் நுணுக்கம் சொல்லி என்ன பயன். நான் கற்றது இவ்வளவுதான். ஒரு பொருளைச் செய்கிறவன் அதன் ஒரு பக்கத்தைப் பார்க்கிறான். அதைப் பயன்படுத்துகிறவர்கள் வேறு பக்கத்தைப் பார்க்கிறார்கள். அவர்களைக் கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது.

அன்றிலிருந்து கடையில் யார் எந்த மாதிரியைக் கொண்டுவந்து காட்டினாலும் "முடியும்" என்று நான் சொல்வதில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்பேன். மணியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள், ஏன் என்று கேட்டதில்லை. அடுப்பு வேலையை நிறுத்திவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உங்கள் அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போவாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்கும் வரை நான் நின்றுகொண்டே இருப்பேன்.